கணப்படுப்பின் மேலிருந்த நாயகர்கள்: ஸ்ரபோட்ஷயர் மட்பாண்டச் சிலைகளின் சமுதாய வரலாறு

சிலைகளைப் பற்றி எழுதும் கலை வரலாற்றாசிரியர்கள் கோயிலையும் அரண்மனையையும் நகரச் சதுக்கத்தையும் மனங்கொள்வது வழக்கம். எளியோர் வீட்டிலிருந்த சிலை அவர்தம் கவனத்தை அரிதாகவே ஈர்த்துள்ளது. அத்தகைய சிலைகள் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட இடங்களுள் இங்கிலாந்தின் ஸ்ரபோட்ஷயர் குறிப்பிடத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு உருவாகிய மட்பாண்டச் சிலைகளை வாங்கியவர் யாவர், செய்தவர் யாவர் என்னும் இரு வினாக்களையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சியாகும்.

வீட்டை அலங்கரிக்கும் பீங்கான் சிலை ஐரோப்பாவில் பிரபுத்துவத்தின் உடைமையாகவே தோன்றியது. 1710இல் சக்சனியின் மைசன் நகரில் பீங்கான் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1731இல் அங்குப் பணியேற்ற கெண்ட்லர் வடித்த உருவங்கள் அரசவை விருந்து மேசைகளை அணிசெய்தன. முன்னர் அவ்விடத்தைப் பெற்றிருந்தவை சர்க்கரையாற் செய்யப்பட்ட உருவங்களாகும். செல்சியும் டார்பியும் அவற்றைப் பின்பற்றி இங்கிலாந்துச் செல்வர்களுக்காகப் பீங்கான் சிலைகளை உருவாக்கின. ஸ்ரபோட்ஷயர்க் குயவரோ இதே வகையினைச் சாதாரண மட்பாண்டத்திற் செய்து, முதலில் நடுத்தர வர்க்கத்தினருக்கும் பின்னர் தொழிலாளருக்கும் எட்டச் செய்தனர்.

இம்மலிவு தற்செயலாக ஏற்பட்டதன்று. முற்பட்ட சிலைகளில் கை, ஆயுதம், மரக்கிளை முதலியன தனித்தனி அச்சுகளில் வார்க்கப்பட்டு ஒட்டப்பட்டன. 1840ஆம் ஆண்டை அடுத்துப் பெருகிய தட்டைமுதுகுச் சிலைகளுக்கோ இரண்டு அல்லது மூன்று சாந்து அச்சுகளே போதுமானவையாயின. களிமண் தகட்டை அச்சுகளில் அழுத்தி, பாதிகளைக் களிக்குழம்பால் இணைத்துச் சூளையிலிட்டனர். கணப்படுப்பின் மேற்றட்டிற் சுவரோரமாக வைக்கப்படும் சிலையின் பின்புறத்தை எவரும் காண்பதில்லை. ஆகவே பின்புறத்தில் வடிப்புமில்லை, வண்ணமுமில்லை. உழைப்பு நேரத்தைக் குறைக்கவேண்டிய தேவையே இக்கலையின் வடிவத்தைத் தீர்மானித்தது எனலாம். மாதிரிகள் அச்சுப் படங்களிலிருந்து பெறப்பட்டன. முகச்சாயல் இரண்டாம் பட்சமே. பெஞ்சமின் பிராங்கிளினின் உருவம் ஜோர்ஜ் வாஷிங்டனின் பெயரைத் தாங்கி விற்கப்பட்டதுமுண்டு.

இச்சிலைகளிற் சித்திரிக்கப்பட்டோர் யாவர்? 1840இல் மணம்புரிந்த விக்ரோறியாவும் அல்பேட்டும் இருந்தனர். சமயப் பிரசாரகர் வெஸ்லியும், தானியச் சட்டங்களை எதிர்த்த கொப்டனும் இருந்தனர். 1852இல் வெளிவந்த நாவலின் அங்கிள் ரொம்மும் சிறுமி ஈவாவும் இருந்தனர். 1849இல் தூக்கிலிடப்பட்ட கொலையாளி ரஷ் கூட விலைபோனான். 1864இல் இலண்டன் உழைப்பாளர் திரண்டு வரவேற்ற கரிபால்டி ஒருபுறமிருக்க, 1857இல் இந்தியாவிற் கிளர்ந்த எழுச்சியை ஒடுக்கிய ஹவ்லொக்கும் கொலின் காம்பெல்லும் மறுபுறம் நின்றனர். இத்தாலிய விடுதலைக்கு ஆர்ப்பரித்த அதே வர்க்கத்தின் மேற்றட்டில் இந்திய மக்களை நசுக்கிய தளபதிகளுக்கும் இடமிருந்தது. ஆளும் வர்க்கத்தின் கருத்துகள் ஆளப்படுவோர் உள்ளத்திற் குடிகொள்ளும் விதத்திற்கு இதனினும் துலக்கமான சான்று வேண்டுவதில்லை. அதேவேளை அடிமைமுறையை வெறுத்த, கரிபால்டியைப் போற்றிய உணர்வும் பொய்யன்று. இவ்விரு போக்குகளும் ஒரே உள்ளத்தில் முரண்பட்டு நின்றமையே வரலாற்றுண்மையாகும்.

இனி, செய்தவரை நோக்குவோம். 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதற் பாகத்தில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் ஸ்ரபோட்ஷயர் மட்பாண்டத் தொழிலை விரிவாக எடுத்துக்காட்டுகிறார். 1863ஆம் ஆண்டு விசாரணையறிக்கையிலிருந்து அவர் தரும் சான்றுகளில் வில்லியம் வூட் என்னும் ஒன்பது வயதுச் சிறுவன் இடம்பெறுகிறான். எட்டு வயது நிறையுமுன்பே வேலைக்கு வந்த அவன், அச்சுகளைச் சுமந்து உலர்த்தும் அறைக்கும் வேலைத்தளத்திற்கும் இடையே ஓடினான். காலை ஆறு மணிக்குத் தொடங்கிய வேலை இரவு ஒன்பது மணியளவிலேயே முடிந்தது. குயவரின் நெஞ்சுநோய் பற்றி அப்பகுதி மருத்துவர்கள் அளித்த சாட்சியங்களையும் மார்க்ஸ் எடுத்தாளுகிறார். ஆய்வறிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோதிலும், 1864இலேயே தொழிற்சாலைச் சட்டம் இத்தொழிலுக்கு விரிவாக்கப்பட்டது.

சிலைத்தொழிலும் இதற்குப் புறம்பானதன்று. 1832இற் பிறந்த சாள்ஸ் ஷோ ஏழு வயதில் அச்சுச் சுமக்கும் சிறுவனாயினான். 1842இல் அவனது குடும்பம் ஏழையர் விடுதியைத் தஞ்சமடைந்தது. அதே ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில், வேலைநிறுத்தமும் சாசன இயக்கமும் ஒன்றுகலந்த கிளர்ச்சியின்போது, பர்ஸ்லெம் நகரிற் படையினர் மக்கள்மீது சுட்டனர். விடுதியினின்று மீண்ட ஷோ மண்பொம்மைப் பட்டறையொன்றில் வேலை செய்தான். நெப்போலியனின் உருவமே அங்குப் பிரதான உற்பத்தி எனத் தமது நினைவுக்குறிப்புகளில் (1903) அவர் பின்னாளிற் பதிவுசெய்துள்ளார். பேரரசனின் உருவத்தை வனைந்தவன் ஏழையர் விடுதியிலிருந்து வந்த பிள்ளை.

இச்சிலைகளைக் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. உயர்கலையின் கொச்சையான நகல்களென ஒரு சாரார் புறக்கணிப்பர். கள்ளங்கபடமற்ற நாட்டார் கலையெனப் பிறிதொரு சாரார் வியப்பர். இரண்டும் ஒருதலைப்பட்சமானவை. இவை சந்தைக்காகச் செய்யப்பட்ட பண்டங்கள். ஆயினும் அழகையும் நாயகரையும் தம் இல்லத்தில் வைத்திருக்கும் உரிமையை உழைப்பாளர் நிலைநாட்டிய சாதனங்களும் இவையே. அவ்வுரிமையின் விலையைக் குறைத்து வைத்தது அவர்தம் பிள்ளைகளின் உழைப்பு என்பதே இங்குள்ள அவலமாகும்.

தோமஸ் போல்ஸ்ரன் 1958இல் இவ்வுருவச்சிலைகள் பற்றித் தனிநூல் வெளியிட்டார். ஏழையின் மேற்றட்டிலிருந்த உருவம் காலப்போக்கிற் சேகரிப்பாளரின் கண்ணாடிப் பேழையை அடைந்து அரும்பொருளாயிற்று. சேகரிப்பாளர் முகத்தையும் பெயரையும் பார்த்து மதிப்பிடுவர். வண்ணந் தீட்டப்படாத பின்புறத்தையும் திருப்பிப் பார்ப்பது ஆய்வாளரின் கடன். செய்தவரின் வரலாறு அங்கேயே பொறிக்கப்பட்டுள்ளது.