மாறாத மின்தடையைத் தேடி

கொல்லிமலையில் வெட்டியெடுத்த பாக்சைட், மேட்டூர் ஆலையில் அலுமினியமாயிற்று. மின்கம்பிக்கு உதவும் உலோகம் அது. ஆனால், 25 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அலுமினியக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடிவிடும். செம்பும் அப்படியே. பின், மின்தடையை அளக்க நிலையான அளவுகோலை எதனால் செய்வது?

1860-களில் மாத்தீசன் ஒரு வழி காட்டினார்: வேற்று உலோகம் சிறிது கலப்பதால் கூடும் தடை, வெப்பநிலையால் அநேகமாக மாறுவதில்லை. சூடேறினால் அணுக்களின் அதிர்வு மிகுந்து எலெக்ட்ரான்களைத் தடுக்கும். கலந்த அணுக்களோ சூட்டிலும் குளிரிலும் ஒரே அளவே தடுக்கும் என்று இன்று விளக்குகிறோம்.

அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் செம்புடன் மாங்கனீசும் சிறிது நிக்கலும் கலந்து, 1892-க்குள் மாங்கனினை உருவாக்கினார். அதே 25 டிகிரிக்கு இதன் தடை ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறாது. உங்கள் ஆய்வுக்கூடத்து மின்தடைப் பெட்டிக்குள் சுற்றியிருப்பதும் பெரும்பாலும் இக்கம்பியே.