வினையும் காரணமும்: தமிழ் மரபில் செயல் விளக்கம்

மனிதச் செயல் எதனால் நிகழ்கிறது, எதற்காகச் செய்யப்படுகிறது என்னும் கேள்விகள் ஒன்றா, வேறா என்பது மெய்யியலில் நெடுநாளைய விவாதம். தமிழில் இதற்கு மிகப் பழைய அடிப்படை தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலில் உள்ளது. வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி என்னும் ஆறோடு 'இன்னதற்கு', 'இது பயனாக' என்னும் இரண்டையும் கூட்டி, எட்டையும் தொழில்முதனிலை, அதாவது செயலுக்கு அடிப்படையானவை, என்கிறது அந்நூல்.

யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்துச் செம்மண் தோட்டத்தில் ஒரு கமக்காரர் விடியற்காலையில் துலாவால் புகையிலைக் கன்றுகளுக்கு நீர் இறைக்கிறார். இறைத்தல் வினை, அவர் செய்வது, நீர் செயப்படுபொருள், தோட்டம் நிலம், விடியல் காலம், துலா கருவி, கன்று 'இன்னதற்கு', விளைச்சல் பயன். அந்தப் பயன் இன்னும் கைக்கு வரவில்லை. கன்றுகள் பிறகு கருகிப்போனாலும் அவர் எதற்காக இறைத்தார் என்ற விளக்கம் மாறாது. ஆகவே பயன், துலாவைப்போல முன்நின்று செயலை நிகழ்த்தும் காரணம் அன்று. காற்று வீசியது என்னும்போதோ பயனைக் கேட்கவே இடமில்லை. எல்லா வினைக்கும் எட்டும் வாரா, சில குறையும் என்பதைத் தொல்காப்பியரே அடுத்துச் சொல்லிவிடுகிறார்.

நன்னூல் வினைச்சொல்லுக்கு இலக்கணம் கூறுகையில் முதல் ஆறோடு நின்றது. சொல்லிலக்கணத்துக்கு அது போதும். செயலை விளக்க முற்படுவோருக்கு விடுபட்ட இரண்டுமே உயிரானவை.

சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாக வகுத்தது. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அறிவுள்ள ஒருவனையே அது நிமித்தமாகக் கொண்டது. உயிரின் இச்சையை அராகமும், அறிவை வித்தையும், செயலாற்றலைக் கலையும் என மூன்று தத்துவங்கள் தூண்டுகின்றன என்பது அதன் விளக்கம்.

தொல்காப்பிய இலக்கண மரபைச் சுன்னாகம் பேணிக் காத்தது. அவ்வூர் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) 'வினைப்பகுதி விளக்கம்' எழுதினார். அவரிடம் பயின்ற சி. கணேசையர் (1878–1958), சேனாவரையர் உரையுடன் சொல்லதிகாரத்தைத் தம் குறிப்புகளோடு பதிப்பித்தார், 1938இல் ந. பொன்னையா அதைச் சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் வெளியிட்டார். பாடபேதம் பார்த்து, உரையின் கடினமான இடங்களை விளக்கிய அந்த உழைப்பு இன்றும் ஆய்வாளருக்குக் கைகொடுக்கிறது.

இதே கேள்வியை மேற்கில் எடுத்துக்கொண்ட மெய்யியலாளர் எலிசபெத் அன்ஸ்கோம் 1957இல், 'ஏன்' என்ற கேள்விக்கு ஒருவகை விடை பொருந்துவதே நோக்கமுள்ள செயலின் அடையாளம் என்றார். 1963இல் டொனால்ட் டேவிட்சன், அந்த விடையில் வரும் விருப்பமும் நம்பிக்கையுமே செயலுக்குக் காரணம் என்று வாதிட்டார். இதன்படி இறைப்பைத் தூண்டுவது விளைச்சல் அன்று, விளைச்சல் மீதான விருப்பம். சித்தாந்தத்தின் இச்சை இதற்கு அண்மையில் நிற்கிறது. ஆனால் 1973இல் ஒரு கட்டுரையில் டேவிட்சனே ஒரு தடையைக் காட்டினார். மலையேறும் ஒருவன், கயிற்றில் தொங்கும் துணைவனின் பாரத்தை விட்டொழிக்க விரும்புகிறான். அந்த விருப்பமே அவனைப் பதறவைத்துப் பிடியைத் தளரச்செய்கிறது. விருப்பம் காரணமாயிற்று, எனினும் அவன் வேண்டுமென்று விடவில்லை. விருப்பம் எவ்வழியில் செயலை விளைவிக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் நம்பிக்கை தமக்கில்லை என்று அவர் அக்கட்டுரையிலேயே எழுதினார்.