படிக்க வந்தவர் குடியேறியவரான கதை: ஆஸ்திரேலியா

ஆஸ்திரேலியாவுக்கு ஆசிய மாணவர்கள் பெருமளவில் வர ஒரு காரணமானது, 1950இல் கொழும்பில் கூடிய காமன்வெல்த் மாநாட்டில் உருவான கொழும்புத் திட்டம். அத்திட்டத்தின்கீழ் உதவித்தொகை பெற்றவர்கள் படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பவேண்டும் என்பது நிபந்தனை. வெள்ளையர் குடியேற்றக் கொள்கை நடப்பிலிருந்த காலம் அது. பட்டம் தரலாம், குடியுரிமைக்கு வழி தரலாகாது என்பதே அரசின் எண்ணம். அக்கொள்கை 1973இல் முற்றாகக் கைவிடப்பட்டது. 1985இல் முழுக் கட்டண மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் திறக்கப்பட்டதும், உதவியாக இருந்த கல்வி ஏற்றுமதித் தொழிலாயிற்று.

1989இல் சீனாவின் தியனான்மென் சதுக்கத்தில் நடந்த படுகொலைக்குப் பின், ஆஸ்திரேலியாவில் இருந்த சீன மாணவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை என்று பிரதமர் பாப் ஹாக் அறிவித்தார். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் நிரந்தரக் குடியினராயினர். ஆயினும் அது விதிவிலக்கு. விதியே மாறியது 2001இல்: உள்ளூரில் பட்டம் பெற்றவர்கள் நாட்டைவிட்டு வெளியேறாமலே நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடிந்தது.

அவ்விண்ணப்பங்கள் புள்ளிகளால் மதிப்பிடப்பட்டன; தட்டுப்பாடான தொழில்களின் பட்டியலில் இருந்தவற்றுக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைத்தன. சமையலும் சிகையலங்காரமும் அப்பட்டியலில் இடம்பெற்றன. விளைவை ஊகிப்பது கடினமன்று. அடுப்படியில் ஆர்வமே இல்லாத இந்திய மாணவர்கள் பலரும் சமையல் வகுப்பில் சேர்ந்தனர். அவர்களை நம்பியே தனியார் கல்லூரிகள் முளைத்தன. கட்டாயமாக்கப்பட்ட 900 மணி நேரப் பணி அனுபவத்துக்குப் போலிச் சான்றிதழ்களும் விற்பனைக்கு வந்தன. 2010இல் அரசு அப்பட்டியலை நீக்கியது. பாதி வழியில் இருந்த மாணவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். 2013இல் பட்டதாரிகளுக்குச் சில ஆண்டுகள் வேலை செய்யும் தற்காலிக விசா விரிவாக்கப்பட்டது. நிரந்தர உரிமைக்கு அதன்பின் தனியே போட்டியிடவேண்டும்.