வெற்றிலைப் பெட்டி சுமந்தவர்கள்

நாங்குநேரி வானமாமலைப் பெருமாள் சந்நிதியில் ஊர்வசியும் திலோத்தமையும் சாமரம் வீசி நிற்பதைச் சேவித்திருப்பீர்கள். அரண்மனையில் அரசருக்கு நடந்த உபசாரம்தான் அது.

விஜயநகர அரண்மனையில் வெற்றிலை மடித்துக் கொடுப்பவருக்கு அடைப்பக்காரர் என்று பெயர். எடுபிடி வேலை என்று எண்ணிவிட வேண்டாம். அரசர் வாயில் போடுவதில் விஷம் கலக்காதவர் என்று நம்பித்தான் அந்தப் பெட்டியைக் கொடுப்பார்கள். எந்நேரமும் அருகில் நிற்பதால் ராஜ்ய ரகசியமும் காதில் விழும். அச்சுத தேவராயரின் அடைப்பம் பையப்ப நாயக்கர் பெயர் கல்வெட்டிலேயே ஏறியிருக்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததில் என் மனதில் தங்கியவர் பதினாறாம் லூயியின் பணியாள் கிளேரி. 1793 ஜனவரி 21 காலை கொலைக்களம் புறப்படுமுன், மனைவியிடம் சேர்க்கச் சொல்லி மன்னர் தம் கல்யாண மோதிரத்தை அவரிடம்தான் கொடுத்தார். அன்று மந்திரியும் இல்லை, படையும் இல்லை, பணியாள் இருந்தார்.

நானும் அதிகாரிகளின் அறை வாசலில் கோப்புடன் காத்து நின்றவன்தான். "ஐயா இன்னைக்கு எப்படி இருக்காக?" என்று டவாலியிடம் கேட்காமல் நாங்கள் உள்ளே போனதில்லை. சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் கடைசியில் இருந்தது.