ரிசீவரின் முதுகுப் பக்கம்: கொழும்புத் தமிழ் வீடுகளுக்கு டிஜிட்டல் ஒலி வந்த வழி

ஹோம் தியேட்டர் ரிசீவரை வாங்குகிறவர் அதன் முகத்தைப் பார்க்கிறார். வரலாறு தேடுகிறவர் அதைச் சுவர்ப் பக்கமிருந்து திருப்பி முதுகைப் பார்க்க வேண்டும். சிவப்பும் வெள்ளையுமான அனலொக் துளைகள், ஒற்றையாய் நிற்கும் கொக்சியல் துளை, சின்னக் கதவு போட்ட ஒப்டிகல் துளை, தட்டையான எச்.டி.எம்.ஐ. வாய்கள் என்று நாற்பது ஆண்டுக் காலம் அங்கே வரிசையாக இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்தத் துளைகள் வழியே உண்மையில் என்ன ஒலி வந்தது என்று கேட்டால், விற்பனைக் கையேட்டில் இல்லாத கதை ஒன்று கிடைக்கிறது. துளை எப்போதும் முன்னே வந்தது. ஒலி பின்னே வந்தது.

கொழும்பின் காது வானொலியில் பழகிய காது. 1925 டிசம்பரில் இங்கே ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வந்தது. 1952இல் பி.வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகிப்போக, தமிழ்நாட்டு வீடுகள் கொழும்பின் பக்கம் திரும்பின. அந்தப் பாடல்கள் கடல் கடந்து போன சிற்றலை, ஏறக்குறைய 5,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சுமப்பதில்லை. வயலினின் மேல்நாதமும் ஜால்ராவின் மினுக்கமும் வழியிலேயே உதிர்ந்துவிடும். மனிதக் குரல் மட்டும் கணீரென்று நிற்கும். கொழும்பு அறிவிப்பாளர்களின் உச்சரிப்புக்கு அவ்வளவு பெயர் கிடைத்ததற்கு அவர்களின் திறமை முதற் காரணம். குரலுக்கு இடம்விட்ட அந்தக் குறுகிய அலையும் கொஞ்சம் துணை நின்றிருக்கும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது இரட்டை ஒலிபெருக்கி வைத்த ரேடியோ கசெட்டுகள் வந்தன. கட்டுநாயக்க விமான நிலையத்தின் தீர்வையற்ற கடைகளும், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவும் மீதியைப் பார்த்துக்கொண்டன. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் ஜப்பானில் சொனியின் முதல் இறுவட்டு இயந்திரம் விற்பனைக்கு வந்தது. செக்கனுக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடங்கள்: மொத்தம் செக்கனுக்கு சுமார் 14 இலட்சம் பிட்டுகள்.

இந்த எண்களை இயந்திரத்துக்குள்ளேயே அனலொக்காக மாற்றாமல், எண்ணாகவே அம்ப்ளிபயருக்கு அனுப்பினால் என்ன என்ற யோசனையில் பிறந்ததுதான் டிஜிட்டல் உள்ளீடு. சொனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த முறையை 1989இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் தரமாக்கியது. தொஷிபா 1983இலேயே ஒளி வழியைக் கொண்டுவந்திருந்தது. பிளாஸ்டிக் இழையின் நுனியில் தெரியும் அந்தச் சிவப்பு வெளிச்சம் அதுதான். கொக்சியலில் மின்சாரமாகப் போவதும் ஒப்டிகலில் ஒளியாகப் போவதும் ஒரே எண்கள். எது இனிமை என்ற சண்டையில் இரு பக்கமும் பெரும்பாலும் தோற்கவேண்டியதுதான்.

கொழும்பு நிலைமையில் மட்டும் ஒப்டிகலுக்கு ஒரு புள்ளி கூடுதலாகத் தரலாம். பழைய வீடுகளில் புவித்தொடுப்பு ஒழுங்காக இராது. கேபிள் ரி.வி. வயர் ஒரு பக்கம், அம்ப் இன்னொரு பிளக்கில் என்றால், 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் ‘ம்ம்ம்’ என்று ஒலிபெருக்கியில் முனகும். ஒளி இழை மின்சாரத்தைக் கடத்தாதபடியால் அதன் வழியாக முனகல் ஏறாது. மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று செருகிகளை அரித்துவிடும் தொல்லையும் அதற்குக் குறைவு. ஆனால் முனைக்குத் தங்கமுலாம் பூசிய ஒப்டிகல் வயருக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். ஒளிக்குத் தங்கம் எதற்கு? தங்கம் வாங்கச் செட்டியார் தெரு இருக்கிறது. கொக்சியலுக்கோ படத்துக்கான மஞ்சள் வயரே போதும். இரண்டும் 75 ஓம்.

துளை வந்தது, அதற்கேற்ற ஒலி வந்ததா? தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளில் தமிழ்ப் படம் என்றால் வி.சி.டி. அதன் ஒலிக்கு ஒதுக்கப்பட்டது செக்கனுக்கு 224 கிலோபிட், இரண்டே தடங்கள். இறுவட்டின் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஐந்து ஒலிபெருக்கி வைத்த வீட்டில் அதைப் போட்டால், ரிசீவர் இரண்டு தடத்தைப் பிரித்து ஐந்துக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. பின்னாலிருந்து வந்த ஒலி பெரும்பாலும் ரிசீவரின் ஊகம்.

தமிழ்த் திரை அதற்குள் முன்னே போய்விட்டிருந்தது. கமல்ஹாசன் நடித்த ‘குருதிப்புனல்’ 1995இலேயே டொல்பி ஸ்டீரியோவில் வந்தது. டி.வி.டி. பரவியபோதுதான் ஆறு தட டொல்பி டிஜிட்டல் வீட்டுக்குள் முறையாக நுழைந்தது. டி.வி.டி.யில் அதன் உச்ச அளவு செக்கனுக்கு 448 கிலோபிட். ஆறு தடம் சேர்ந்தும் இறுவட்டின் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. காது கவனிக்காது என்று கணித்தவற்றைக் கழித்துவிட்டு அனுப்பும் முறை அது. பழைய ஒப்டிகல் துளைக்குள் ஆறு தடம் நுழைந்ததே இந்தச் சுருக்கத்தால்தான்.

இங்கேதான் பெரிய கோட்டைவிடல் நடந்தது. மலிவான டி.வி.டி. இயந்திரங்கள் பலவற்றின் மெனுவில் டிஜிட்டல் வெளியீட்டுக்கு ‘ஓஃப்’, ‘பிசிஎம்’, ‘ரோ’ என்று மூன்று தெரிவுகள் இருந்தன. பிசிஎம்மில் விட்டால் ஆறு தடமும் இரண்டாக மசிக்கப்பட்டே வெளியே வரும். ‘ரோ’ என்பதன் பொருள் பச்சையாக, அதாவது பிரிக்காமல் அப்படியே அனுப்பு என்பது. அதைத் தேடிப் போகாத வீடுகளில் பின் ஒலிபெருக்கிகள் அலங்காரமாகச் சுவரில் தொங்கின. குற்றம் வாங்கியவருடையதல்ல, அந்தச் சொல்லைப் பார்த்து யாருக்கு என்ன புரியும்?

எச்.டி.எம்.ஐ. 2002இல் வகுக்கப்பட்டது. 2006இன் 1.3 பதிப்பு, டொல்பி ட்ரூஎச்டி போன்ற, எதையும் கழிக்காத ஒலியை அப்படியே கடத்தியது. அது ஒப்டிகலில் போகாது. தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டொல்பி அட்மொஸ் 2012இல் வந்தது; அதே ஆண்டு டிசம்பரில் ‘சிவாஜி’யின் முப்பரிமாணப் பதிப்பு அதில் வெளியானது. அட்மொஸுக்கும் ஒப்டிகல் கதவு மூடியதுதான். புதுத் தொலைக்காட்சியைப் பழைய ரிசீவரோடு ஒப்டிகலால் இணைத்துவிட்டு ‘அட்மொஸ் கேட்கவில்லை’ என்று குறைப்படுவோருக்கு இதுவே விடை.

கொட்டாஞ்சேனைக்கு இன்னொரு சிக்கல். ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்குபோடும் வரிசை வீடுகளில், வயர் எவ்வளவு நல்லதானாலும் சப்வூபரின் அதிர்வு பக்கத்து வீட்டுத் தொட்டிலுக்குப் போய்ச்சேரும். டொல்பி டிஜிட்டலில் இதற்கும் வழி இருக்கிறது. உரத்த ஓசையை அடக்கி மெல்லிய பேச்சை உயர்த்தும் குறிப்பு ஒலியோடு சேர்ந்தே வருகிறது. ரிசீவரில் ‘நைட் மோட்’ என்ற பொத்தான் அதைத்தான் இயக்குகிறது. ஒலித் தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். இரவு பதினொரு மணிக்குப் படம் பார்க்கிற வரிசை வீட்டுக்காரருக்கு, அந்த ரிசீவரில் உள்ள மிகப் பயனுள்ள பொத்தான் அது.

வீட்டு மூலையில் இன்னும் அந்தப் பழைய டி.வி.டி. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், புது வயர் வாங்கப் புறக்கோட்டைக்கு இறங்குமுன் மெனுவைத் திறந்து ‘ரோ’வுக்கு மாற்றிப் பாருங்கள்.