பூந்தமல்லியில் இருக்கும் 'பிக் பாஸ்' வீடு: ஐடியா யாருடையது? ஓட்டு எப்படி வேலை செய்கிறது?

ஆவடியில் இருந்து பூந்தமல்லி தாண்டிப் போனால் செம்பரம்பாக்கம். அங்கே இருக்கும் இவிபி ஃபிலிம் சிட்டிக்குள்தான் பிக் பாஸ் தமிழ் வீடு. நம்ம வீட்டுப் பக்கத்திலேயே இருந்தாலும், இந்த நிகழ்ச்சியின் ஊர் நெதர்லாந்து.

யார் அந்த தயாரிப்பாளர்?

ஜான் டி மோல். 1955ல் பிறந்தவர். 1994ல் யூப் வான் டென் எண்டே என்பவருடன் கம்பெனியை இணைத்தார். இருவர் பெயரும் சேர்ந்து வந்ததுதான் 'எண்டமோல்'. 1999 செப்டம்பரில் 'பிக் பிரதர்' ஒளிபரப்பானது. ஆட்களை வீட்டில் பூட்டி வைத்தது மட்டும் புதுசு இல்லை. டிவியில் எடிட் செய்த எபிசோடு, இன்டர்நெட்டில் நேரலை, வெளியேற்ற மக்கள் ஓட்டு என மூன்றையும் ஒன்றாக ஓட்டியதுதான் பெரிய விஷயம். அடுத்த வருஷமே ஸ்பெயினின் டெலிஃபோனிகா எண்டமோலை வாங்கியது. ஓட்டு போடுவது போனில், வாங்கியது போன் கம்பெனி! சன் டிவியில் ரிஷி நடத்திய 'டீலா நோ டீலா'வும் எண்டமோல் சரக்குதான். பிறகு 2010ல் டி மோல் 'தி வாய்ஸ்' கொடுத்தார்.

தமிழில் எப்போது?

இந்தியில் 2006, தமிழில் 2017 ஜூன் 25. முதல் சீசனில் கூகுளில் தேடி ஓட்டு போட்டோம், மிஸ்டு கால் கொடுத்தோம். 'ஓவியா ஆர்மி' உருவானது அப்போதுதான். பிறகு ஓட்டு ஹாட்ஸ்டார் ஆப்புக்குள் போனது. 2022 ஜனவரியில் 'பிக் பாஸ் அல்டிமேட்' 24 மணி நேர ஸ்ட்ரீமிங்குடன் வந்தது.

அப்போ நாம் பார்ப்பது லைவா?

இரவு டிவியில் வருவது லைவ் இல்லை. பல மணி நேர காட்சிகளில் இருந்து வெட்டி எடுத்த சுமார் ஒரு மணி நேரம். எதைக் காட்டுவது, யாரை வில்லனாக்குவது என்பது எடிட் ரூமில் முடிவாகிறது. ஓட்டு நம்முடையதுதான். ஆனால் எதைப் பார்த்துவிட்டு ஓட்டு போடுகிறோம் என்பது தயாரிப்பாளர் கையில். வார இறுதி எபிசோடும் பெரும்பாலும் முன்பே ஷூட் ஆகிவிடும். ஞாயிறு இரவுக்கு முன்பே எலிமினேஷன் வெளியே கசிவது அதனால்தான். யாருக்கு எத்தனை ஓட்டு என்ற முழுக் கணக்கை வாராவாரம் சொல்வதும் இல்லை.

கேமராவுக்குப் பின்னால்?

போட்டியாளர் தூங்கினாலும் கேமரா தூங்காது. அதனால் ஷிப்ட் போட்டு வேலை. 2018ல், உள்ளூர் தொழிலாளர்களை விட்டுவிட்டு மும்பையில் இருந்து ஆட்களைக் கொண்டு வருகிறார்கள் என்று பெப்சி சங்கம் போர்க்கொடி தூக்கியது. 2021 மே மாதம், ஊரடங்கு நேரத்தில் இதே வளாகத்தில் மலையாள பிக் பாஸ் ஷூட்டிங் நடந்தது. படக்குழுவில் சிலருக்குக் கொரோனா உறுதியானதும் திருவள்ளூர் மாவட்ட வருவாய்த் துறை செட்டுக்கு சீல் வைத்தது. போட்டியாளர்கள் ஹோட்டலுக்கு மாற்றப்பட்டார்கள். ஷோ நின்றது. ஆனால் வெற்றியாளரை அப்போதும் மக்கள் ஓட்டுதான் முடிவு செய்தது.