சீனா என்ற தலைப்பில் கிடந்த புதுச்சேரி

கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே ஒரு வழிகாட்டி சுற்றுலா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல் இங்கதான் சார் நங்கூரம் போட்டுச்சு. அப்ப இது பிரெஞ்சுக்காரன் ஊரு. அவன்தானே அமெரிக்காவுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தான்? அதான் நேரா இங்க வந்துட்டான்."

முதல் வாக்கியம் எனக்குப் பழகியதுதான். இரண்டாவதைக் கேட்டபோதும் தலையாட்டினேன். என் குறிப்பு அட்டையிலும் 'கொடி: பிரெஞ்சு' என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தேன், எங்கே படித்து எழுதினேன் என்பதுதான் நினைவில்லை. ஆதாரம் எழுதாத அட்டை வீட்டில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

கப்பலின் பெயர் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்'. ஊர் பிலடெல்பியா. கப்பல் தலைவர் தாமஸ் பெல். இவ்வளவு தெரிந்தும், புதுச்சேரி பற்றிய நூற்பட்டியல்களைப் புரட்டிப் புரட்டி நாள்கள்தான் போயின. கடைசியில் பிடி கிடைத்தது ஹோல்டன் ஃபர்பர் 1938-இல் எழுதிய கட்டுரையில். இந்தியாவோடு அமெரிக்க வணிகம் தொடங்கிய கதை அது. கப்பல் புதுச்சேரி வந்த நாள் 1784 டிசம்பர் 26 என்பது அதில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், கப்பலிலேயே எழுதப்பட்ட குறிப்பேடு 1931-இல் பென்சில்வேனியாவின் வரலாற்று இதழில் அச்சாகியிருக்கிறது. தலைப்பில்தான் வம்பு: 1784-இல் சீனாவுக்குச் சென்ற பயணம்! புறப்பட்டபோது சீனாதான் இலக்கு. வழியில் திட்டம் மாறிக் கப்பல் சோழமண்டலக் கரைக்கு வந்துவிட்டது. தலைப்பு மட்டும் சீனாவிலேயே நின்றுவிட்டது. நான் இந்தியா என்ற பெயரின் கீழ் தேடிக்கொண்டிருந்தேன்.

நாள் கிடைத்ததும் கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நம் கணக்கில் குரோதி வருஷம், மார்கழி. சரி, கப்பல் வந்ததைப் பிரெஞ்சு அதிகாரி யாராவது மேலிடத்துக்கு எழுதியிருப்பாரே என்று, அந்த ஆண்டின் பிரெஞ்சு நிர்வாகக் கடிதங்களைத் தேடப் பட்டியல் போட்டேன். ஒரு வாரம் போனது. தப்பு முழுக்க என்னுடையது. பிரெஞ்சு நிர்வாகமே இல்லாத ஆண்டில் பிரெஞ்சு நிர்வாகக் கடிதம் எங்கிருந்து வரும்?

இங்கே ஆறு ஆண்டு பின்னால் போக வேண்டும். 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கக் குடியரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தக் கையெழுத்துக்கு முதலில் விலை கொடுத்த ஊர்களில் புதுச்சேரியும் ஒன்று. ஆகஸ்டில் ஹெக்டர் மன்றோவின் படை ஊரை வளைத்தது. ஆளுநர் பெல்கோம், பாதி கட்டிய மதிலை வைத்துக்கொண்டு அக்டோபர் 18 வரை தாக்குப்பிடித்தார். மறு ஆண்டு ஆங்கிலேயர் மதிலை இடித்துத் தள்ளினார்கள். 1783 செப்டம்பரில் வெர்சாயில் சமாதானம் ஆனது. ஆனால் ஊரை முறைப்படி திருப்பிக் கொடுத்தது 1785-இல்தான்.

ஆக, பெல்லின் கப்பல் வந்தபோது ஊர் அதிகாரம் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் கையில். யாரை எதிர்த்து அமெரிக்கர்கள் எட்டு வருஷம் சண்டை போட்டார்களோ, அவர்களிடம்தான் முதல் கப்பல் வந்து நின்றிருக்கிறது. அட்டையில் 'பிரெஞ்சு' என்பதை அடித்தேன்.

அப்போதுதான் கொடியைப் பற்றி யோசித்தேன். கும்பினிக் கப்பல்களின் கொடி சிவப்பும் வெள்ளையுமாகப் படுக்கைக் கோடுகள் போட்டது; மூலையில் பிரிட்டிஷ் ஒன்றியக் கொடியின் சிலுவை. 1777-இல் அமெரிக்கா எடுத்துக்கொண்ட கொடியிலும் அதே சிவப்பு வெள்ளைக் கோடுகள், பதின்மூன்று. மூலையில் மட்டும் நட்சத்திரங்கள். அன்று இங்கே துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல் தள்ளி நிற்கும்; அலையைத் தாண்டிச் சலங்குப் படகுக்காரர்கள்தான் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்குவார்கள். அவ்வளவு தூரத்தில் மூலையில் இருப்பது சிலுவையா நட்சத்திரமா என்று கரையிலிருந்து யாருக்குத் தெரியும்? இன்னொரு கும்பினிக் கப்பல் என்றே நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஊகத்தை அட்டையில் எழுதுவதில்லை.

ஊரை மீட்டுக்கொள்ளக் காத்திருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, கப்பல் வந்த சில நாள்களில், 1785 ஜனவரியில், இங்கேயே இறந்துபோனார். அவர் பெயரில் தெருவும் இருக்கிறது, கல்லறையும் இருக்கிறது. பெல் பெயரில் ஒரு சந்துகூட இல்லை. அன்றைய ஊரைத் தமிழில் எழுதி வைத்தவர் நயினார் இரண்டாம் வீராநாயக்கர், ஊர்க் காவலின் தலைவர். ஓர்சே மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்த அவருடைய நாட்குறிப்பு 1778-இல் தொடங்கி 1792 வரை போகிறது. முற்றுகை, மதில் இடிப்பு, கொடி மாற்றம் எல்லாவற்றுக்கும் ஊரில் இருந்த மனிதர் அவர். இப்போது என் மேசையில் அதுதான் விரிந்து கிடக்கிறது.

இடையில் வேறொரு அட்டை கைக்கு வந்தது. 1781-இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடமும் பிரெஞ்சுக்காரர்களிடமும் சரணடைந்த கார்ன்வாலிஸ், பிறகு கவர்னர் ஜெனரலாகி இந்தியாவுக்கு வந்தார் அல்லவா? 1793-இல் பிரான்ஸோடு மறுபடி சண்டை மூண்டதும், புதுச்சேரியைத் தானே பிடிக்கலாம் என்று கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறினார். அவர் வந்து சேர்வதற்குள் கர்னல் பிரெய்த்வெயிட் ஊரைப் பிடித்து முடித்துவிட்டார்.